கறுத்த மண்ணில் முளைத்த கீரை

எங்கள் வீட்டுப் பின்புறத்தில், அப்பாவின் மோட்டார் சைக்கிள் பட்டறையை ஒட்டி, ஒரு துண்டு நிலம் இருந்தது. நீளம் பத்தடி, அகலம் ஆறடி. நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அங்கே புல்கூட முளைக்காது. காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எஞ்சினிலிருந்து வடிக்கும் கறுப்பு எண்ணெயை, எங்கள் பகுதியில் எல்லாரும் 'மினியாக் ஹித்தாம்' என்று சொல்வதை, அப்பா பல ஆண்டுகளாக அந்த மூலையில்தான் ஊற்றி வந்தார். அன்றைக்கு அது தவறு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு கதை.

நான் ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது பட்டறை கடைவரிசைக்கு மாறியது. இடம் காலியானதும் பாட்டிக்குக் கை துறுதுறுத்தது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். முளைக்கீரை விதையைத் தூவினார். பத்து நாள் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் நிறத்தில் சில நாற்றுகள் எட்டிப் பார்த்துவிட்டுச் செத்துப்போயின. பாட்டி விடவில்லை. கோழிப் பண்ணையிலிருந்து இரண்டு மூட்டை எருவை வரவழைத்துக் கொட்டிக் கொத்திவிட்டார். மறுவாரமே விதைத்தார். இம்முறை முளைத்தவை கருகின. கோபத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். ஏழெட்டு மாதம் கழித்துச் சும்மா தூவிய விதை, யாரும் எதிர்பாராத விதமாக, தளதளவென்று வளர்ந்தது.

அன்று நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பாட்டி ஒரு கைப்பிடிக் கீரையைப் பறித்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்: "ஏன்யா, நீ மண்ணப் பத்திதானே படிக்கிற? இதச் சமைக்கலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த கொஞ்சத்தையும் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. ஆறாம் ஆண்டுவரை தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன். இப்போது விரிவுரைகள் ஆங்கிலத்தில். பாட்டியிடம் நிற்கும்போது மூன்றும் சேர்ந்து தொண்டையில் சிக்கிக்கொண்டன. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன். நம் கழக நண்பர்களில் பலருடைய வீட்டுப் பின்புறத்திலும் இப்படியொரு மூலை இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எண்ணெய் மண்ணை என்ன செய்கிறது?

நல்ல மண்ணை ஒரு கைப்பிடி எடுத்தால் அதில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அந்த நுண்ணிய துளைகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. வேர் மூச்சு விடுவதும் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். எண்ணெய் கொட்டினால் முதலில் அடைபடுவது இந்தத் துளைகள். மண் துகள்களின்மீது எண்ணெய் படிந்துவிட்டால் தண்ணீர் ஒட்டாது. மழை பெய்தாலும் மேலாக ஓடிவிடும். உள்ளே மண் வறண்டு கிடக்கும்.

இரண்டாவது கேடு நேரடி நஞ்சு. எண்ணெயில் உள்ள இலேசான பகுதிகள் விதையின் தோலுக்குள் ஊடுருவி முளையைக் கொல்லும். நல்லவேளையாக இவை சில வாரங்களில் பெருமளவு ஆவியாகிவிடும். கனமான பகுதிகள் அப்படிப் போகா. பிசின்போல மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக் கணக்கில் இருக்கும்.

மூன்றாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது; எருவின் கதை இங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய் என்பது பெரும்பாலும் கரிமம். கச்சா எண்ணெயின் எடையில் நூற்றுக்கு 85 பங்கு அளவில் கரிமம்தான். தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் அதில் பெரும்பாலும் ஒரு விழுக்காடுகூட இருக்காது. மண்ணில் இயற்கையாகவே சில நுண்ணுயிரிகள் எண்ணெயை உணவாகக் கொள்ளக்கூடியவை. சூடோமோனாஸ் இனம் அவற்றுள் ஒன்று. எண்ணெய் கொட்டியதும் அவற்றுக்குப் பெரிய விருந்து. ஆனால் சோறு மட்டும் மலைபோல் குவிந்து, குழம்பு ஒரு கரண்டிதான் என்றால் பந்தி எப்படி நடக்கும்? உடலை வளர்த்துப் பெருக அவற்றுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். ஆகவே மண்ணில் இருக்கும் கொஞ்சத் தழைச்சத்தையும் அவை உறிஞ்சிக்கொள்கின்றன. பயிருக்கு மிச்சமில்லை. பாட்டியின் முதல் நாற்றுகள் மஞ்சளித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஒகோனி மக்களின் நிலம்

எங்கள் வீட்டு மூலை பத்தடி. உலகில் இதே துன்பத்தை ஒரு நாட்டுப்புறமே சுமந்து நிற்கிறது. நைஜீரியாவின் தெற்கில், நைஜர் ஆற்றின் கழிமுகப் பகுதியில் ஒகோனி மக்களின் நிலம் உள்ளது. பரப்பளவு சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். மீன்பிடிப்பும் வேளாண்மையும்தான் அவர்களின் தொழில். 1956-இல் அக்கழிமுகத்தின் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஒகோனி நிலத்திலும் கிணறுகளும் குழாய்களும் வந்தன. கசிவும் வந்தது. மக்கள் போராடினர், 1993-இல் ஷெல் நிறுவனம் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. போராட்டத்தை முன்னின்று நடத்திய எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் மேலும் எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10-ஆம் நாள் அன்றைய இராணுவ அரசால் தூக்கிலிடப்பட்டனர். ஒரு மொழிக் கழக இதழில் அந்தப் பெயரைக் குறிப்பிடாமல் இருக்க எனக்கு மனமில்லை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 14 மாதங்கள் அங்கே ஆய்வு நடத்தி 2011 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. 200-க்கும் மேற்பட்ட இடங்களை ஆய்வாளர்கள் பார்த்தனர். 4,000-க்கும் மேற்பட்ட மண், நீர் மாதிரிகளைச் சோதித்தனர். நிசிசியோக்கென் ஒகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவைப்போல் 900 மடங்குக்கும் மேலாகப் பென்சீன் இருந்தது. அந்த நிலத்தையும் நீரையும் முழுமையாகச் சீர்செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது அறிக்கை. துப்புரவுப் பணி 2016-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தில் வேலை தொடங்க 2019 ஆகிவிட்டது.

முப்பது ஆண்டுகள் உழவன் காத்திருக்க முடியுமா? அவனுக்கு நாளைக்குச் சோறு வேண்டும். நைஜீரியாவின் பல்கலைக்கழகங்களில் மண்ணியல் துறையினர் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதன் பின்னணி இதுதான்: கையில் கிடைக்கும் எருவைக் கொண்டு இந்த மண்ணைத் தேற்ற முடியுமா? கோழி எரு, மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, மரவள்ளித் தோல், மரத்தூள் என்று அங்கே மலிவாகக் கிடைக்கும் எல்லாவற்றையும் எண்ணெய் கலந்த மண்ணில் இட்டு, சோளமும் வெண்டையும் பயறும் விதைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எரு செய்யும் நான்கு வேலைகள்

முதல் வேலை, நுண்ணுயிரிகளுக்குக் குறைந்த 'குழம்பை' ஊற்றுவது. அவை 100 பங்கு கரிமத்தை உண்ண ஏறத்தாழ 10 பங்கு தழைச்சத்தும் 1 பங்கு மணிச்சத்தும் தேவை என்பது பாடநூல் கணக்கு. ஒரு கிலோ மண்ணில் 10 கிராம் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் கரிமம் 8.5 கிராம். அதற்குத் தழைச்சத்து 0.85 கிராம் வேண்டும். உலர்ந்த கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 விழுக்காடு என்றால், அந்த ஒரு கிலோ மண்ணுக்கு ஏறக்குறைய 28 கிராம் எரு. கைப்பிடியளவுதானே என்று தோன்றும். ஒரு ஹெக்டர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 20 இலட்சம் கிலோ எடை கொண்டது. கணக்கைப் பெருக்கினால் 56 டன் எரு! நுண்ணுயிரிகள் உண்ணும் கரிமத்தில் ஒரு பகுதி கரிவளியாகக் காற்றில் போய்விடுவதால் உண்மைத் தேவை இதைவிடக் குறையலாம். ஆயினும் இது ஓரிரு மூட்டையில் முடியும் காரியமன்று என்பது விளங்கும்.

இரண்டாம் வேலை, மண்ணைத் திறப்பது. எருவில் உள்ள நார்ப்பொருள் இறுகிப்போன மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, காற்றுக்கு வழிவிடும். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிரிகளுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவை. காற்று இல்லாத இடத்தில் அவற்றின் வேலை நத்தை வேகத்தில்தான் நடக்கும்.

மூன்றாம் வேலை, ஈரத்தைப் பிடித்து வைப்பது. எண்ணெய்த் துகள் தள்ளிவிடும் தண்ணீரை மட்கிய எரு பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

நான்காம் வேலை, புளிப்பைக் குறைப்பது. மழை மிகுந்த நைஜர் கழிமுகத்து மண்ணும் நம் மலேசிய மண்ணும் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டவை. கோழி எருவில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது அமிலத்தைத் தணித்து, நுண்ணுயிரிகளுக்கு ஏற்ற சூழலை உருவாக்கும்.

எருவோடு கூடவே புதிய நுண்ணுயிரிகளும் வந்து சேர்கின்றன. ஆனால் மண்ணுக்குப் பொதுவாகக் குறைவது அவை அல்ல. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் ஆனந்த சக்கரவர்த்தி. ஓர் உயிருக்குக் காப்புரிமை வழங்கலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1980-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. புகழ்பெற்ற அந்தப் பாக்டீரியாவைவிட, மண்ணிலேயே இருக்கும் பெயர் தெரியாத உயிர்களுக்குச் சத்தும் காற்றும் கொடுப்பதே களத்தில் அதிகம் கைகொடுத்திருக்கிறது. 1989-இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கரையொதுங்கியபோது, கடற்கரைக் கற்களின்மேல் உரம் தெளித்ததும் இதே நோக்கத்தில்தான்.

எந்த எரு, எப்படி?

பொதுவாகக் கோழி எரு முன்னணியில் நிற்கும். தழைச்சத்து மிகுதி, விரைவில் கரையும். மாட்டுச் சாணத்தில் சத்து குறைவு, ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கும். மரத்தூளையோ வைக்கோலையோ தனியாக இட்டால் தீமைதான். அவையும் கரிமம் மிகுந்தவை. தழைச்சத்துக்கான போட்டியை மேலும் கூட்டிவிடும். நம் நாட்டுச் செம்பனை ஆலைகளில் எண்ணெய் பிழிவதற்குமுன் பழங்களை உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக் குலைகளும் அப்படியே. அவற்றைக் கோழி எருவோடு சேர்த்து மட்கவைத்துப் பயன்படுத்தினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

பாட்டி செய்த தவறு பச்சை எருவை இட்டு உடனே விதைத்தது. மட்காத கோழி எருவிலிருந்து அம்மோனியா வெளிப்படும், உப்பும் மிகுதி. இளவேர் கருகிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும். எருவைத் தனியே சில வாரங்கள் குவித்து, அவ்வப்போது கிளறி, சூடு தணிந்து, வாடை போன பிறகுதான் மண்ணில் கலக்க வேண்டும். ஒரேயடியாக இடாமல் இரண்டு மூன்று தவணையாக இடுவது நல்லது. மண் பிழிந்த துணிபோல் ஈரமாக இருக்க வேண்டும். சொதசொதவென்று இருந்தால் காற்று போகாது. வாரம் ஒருமுறையாவது கொத்திப் புரட்ட வேண்டும். கனமழைக் காலத்தில் மூடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயும் எருச்சத்தும் கால்வாய்க்குப் போய்விடும். விதைப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குமுன் ஒரு டின்னில் அந்த மண்ணைப் போட்டுப் பத்துப் பச்சைப்பயறை ஊன்றிப் பார்க்கலாம். பாதிகூட முளைக்கவில்லை என்றால் மண் இன்னும் தேறவில்லை என்று பொருள். நான் அடுத்த விடுமுறையில் மைலோ டின்னில் இதைச் செய்து பார்த்தேன். பச்சை எரு இட்ட டின்னில் முளைத்தவை நான்கே நாளில் தலைசாய்ந்தன. மட்கிய எரு இட்ட டின்னில் பயறு இலைவிட்டது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இத நான் முன்னாடியே சொன்னேனே" என்றார். சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எருவால் முடியாதவை

இதுவரை படித்தவர்கள் எருவே சர்வரோக நிவாரணி என்று எண்ணிவிடக் கூடாது. ஒகோனி அறிக்கை சொல்லும் முக்கியமான பாடம் இதுதான். அங்கே எண்ணெய் நிறுவனம் கையாண்ட முறையும் ஏறக்குறைய இதேதான்: மேல்மண்ணைப் புரட்டி, உரமிட்டு, இயற்கையின் வேலைக்கு விடுவது. சீர்செய்து முடிந்ததாக நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்த 15 இடங்களை ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, 10 இடங்களில் மாசு அனுமதித்த அளவுக்கு மேலேயே இருந்தது. எட்டு இடங்களில் அது நிலத்தடி நீரையும் எட்டியிருந்தது. மொத்த ஆய்வில் 49 இடங்களில் குறைந்தது 5 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் காணப்பட்டது. மண்வெட்டி ஓர் அடிதான் இறங்கும். எருவும் அதன் உயிர்களும் அந்த ஓர் அடிக்குத்தான் காவல்.

இன்னொன்று, நுண்ணுயிரிகள் எல்லாவற்றையும் தின்பதில்லை. எளிய சங்கிலிகளை முதலில் தின்னும். பல வளையங்கள் பின்னிய கனமான சேர்மங்களைக் கடைசிவரை தட்டிலேயே விட்டுவிடும். அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. உலோகங்களை எந்த உயிராலும் தின்று தீர்க்க முடியாது. எரு சில உலோகங்களைப் பிடித்துவைத்து வேருக்குப் போவதைக் குறைக்கும். ஆனால் அவை மண்ணிலேயே இருக்கும்.

பச்சையாக இருந்தால் போதுமா?

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். செடி வளர்கிறது என்றால் மண் செடியைக் கொல்லும் நிலையைக் கடந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அந்தச் செடி உண்ணத் தக்கது என்பதற்கு அது சான்றாகாது. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கண் பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பயிருக்குப் பயிர் ஆபத்தும் மாறும். கனமான எண்ணெய்ச் சேர்மங்கள் தண்டு வழியாக மேலே ஏறுவது குறைவு. வேரின் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சோளக் கதிரைவிடக் கிழங்கில் கவனம் கூடுதலாக வேண்டும். கீரைக்கு வேறு சிக்கல். காட்மியம் போன்ற உலோகங்களை இலைக்கு ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. மழைத் துளி தெறித்து மண்ணும் இலையில் ஒட்டும்.

நைஜீரியா உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவிக்கும் நாடு. கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, வறுத்து 'காரி' என்று உண்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த கதையை என் கொள்ளுப்பாட்டி சொல்லியதாகப் பாட்டி சொல்வார். அந்தக் கிழங்கு மட்டும் இல்லையென்றால் நாங்கள் இல்லை என்பார். அதனால்தான் ஒகோனி உழவர்களை நினைக்கும்போது எனக்குத் தூரத்து மக்களாகத் தோன்றவில்லை. கறுத்த மண்ணில் விளைந்த கிழங்கு என்று தெரிந்தும் தோண்டி எடுப்பவருக்கு வேறு நிலம் இல்லை. அவர்களுக்கு எரு ஒரு பாதித் தீர்வு. ஆழத்தில் கிடக்கும் மாசை அகற்றும் பொறுப்பை எரு மூட்டையைக் கையில் கொடுத்து அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது.

எங்களுக்கு வேறு வழி இருந்தது. அந்த மண்ணில் கிடந்தது கச்சா எண்ணெய்கூட அன்று. ஓடித் தேய்ந்த எஞ்சினின் எண்ணெய். அதில் துத்தநாகமும் ஈயமும் பிற உலோகத் துகள்களும் கலந்திருக்கும். எரிந்து உருவான கனமான சேர்மங்களும் புது எண்ணெயைவிட அதில் அதிகம். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகள் இதை எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் பட்டியலிட்டிருக்கின்றன. கண்ட இடத்தில் கொட்டக்கூடாத கழிவு அது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. இப்போது பட்டறை மூலையில் ஒரு பெரிய டிரம் இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்கிறார்கள்.

பாட்டியிடம், "சமைக்க வேண்டாம் பாட்டி. மண் செடிக்குத் தேறிடுச்சு. நமக்கு இன்னும் தேறல" என்றேன். என் மூன்றாண்டுப் படிப்பும் அந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. பாட்டி கையிலிருந்த கீரையை ஒரு முறை முகர்ந்து பார்த்தார். பிறகு குப்பைத் தொட்டியில் போட்டார்.

இப்போது கீரை, வாசல் பக்கம் கடைமண் நிரப்பிய தொட்டிகளில் வளர்கிறது. பின்புறத்து நிலத்தில் பாட்டி செம்பருத்தியும் அரளியும் வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்கிய எரு வைத்துக் கொத்திவிடுகிறோம். பூ சாமிக்குப் போகிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் பாட்டி மறக்காமல் கேட்பார்: "இப்பத் தேறிடுச்சா?" ஆய்வகத்தில் அந்த மண்ணைச் சோதிக்க இந்தப் பருவத்தில் விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால், பதிலைப் பாட்டிக்குத் தமிழிலேயே சொல்லிவிடுவேன்.